டார்பிடோ பட்ட டேங்கர் எப்படி மிதந்தது? (ஓஹியோ, 1942)

ஒரு வாசகர் | ஆகஸ்ட் 10, மாலை 6.15

அண்ணாச்சி, நீங்கள் டேங்கரில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். 1942ல் மால்டாவுக்கு எண்ணெய் கொண்டுபோன ஓஹியோ என்ற கப்பல் டார்பிடோ பட்டு, மேலே விமானமும் விழுந்து, அப்படியும் கரை சேர்ந்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்கள். உள்ளே 11,500 டன் எண்ணெய். ஒரு தீக்குச்சி போதாதா? சண்டை நேரத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 10, இரவு 9.40

கதை இல்லை தம்பி, நடந்ததுதான். நான் 19 வருடம் எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேனாக இருந்தவன், என் உலகமே பம்ப் ரூம்தான். அந்த டார்பிடோ போய் அடித்ததும் பம்ப் ரூமில்தான் என்பதால் இந்தக் கப்பல் விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: மால்டா மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்த தீவு, அப்போது ஜெர்மனி, இத்தாலியின் முற்றுகையில் இருந்தது. சாப்பாடும் இல்லை, எண்ணெயும் இல்லை. ‘பெடஸ்டல்’ என்று பெயர் வைத்து 14 சரக்குக் கப்பல்களைப் போர்க்கப்பல் காவலோடு ஒரே கூட்டமாக, கான்வாயாக அனுப்பினார்கள். அதில் டேங்கர் இது ஒன்றுதான். அமெரிக்காவில் டெக்சாகோவுக்காக 1940ல் கட்டியது, போருக்காக பிரிட்டிஷ்காரர்கள் எடுத்து டட்லி மேசன் என்பவரைக் கேப்டனாகப் போட்டார்கள். ஆகஸ்ட் 12 சாயங்காலம் ஒரு ஜெர்மன் யு-போட் (நீர்மூழ்கிக் கப்பல்) அடித்தது. 15ம் தேதி காலையில் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. நடுவில் உள்ள மூன்று நாள்தான் விஷயம், நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போகும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11, காலை 7.05

தப்பு என்னுடையது. இரவே ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்திவிட்டார். ஓஹியோவை அடித்தது ஜெர்மன் இல்லை, ஆக்சம் என்ற இத்தாலிய நீர்மூழ்கி. கமாண்டர் பெயர் ரெனாட்டோ ஃபெர்ரினி. நான் குழப்பிக்கொண்டது அதற்கு முந்தின நாள் சங்கதியோடு: யு-73 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஈகிள் என்ற விமானந்தாங்கியை 4 டார்பிடோ போட்டு அடித்தது. அவ்வளவு பெரிய கப்பல் சுமார் 8 நிமிடத்தில் போய்விட்டது. அதுவும் ஆகஸ்ட் 11, இன்றைய தேதிதான், இப்போது எழுதும்போதுதான் கவனித்தேன்.

இத்தாலிக்காரர்களைப் பற்றி நம் ஊரில் ஒரு கேலி உண்டு, சண்டைக்கு லாயக்கில்லை என்று. ஃபெர்ரினி ஒரே வீச்சில் 4 டார்பிடோ விட்டு மூன்று கப்பலை அடித்தவர்: நைஜீரியா, கெய்ரோ என்ற இரண்டு குரூசர் (காவலுக்கு வந்த பெரிய போர்க்கப்பல்), மூன்றாவது ஓஹியோ. கெய்ரோவைக் கைவிட்டு அவர்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று, நைஜீரியா மத்தியதரைக் கடலின் மேற்கு வாசலான ஜிப்ரால்டருக்குத் திரும்பிப் போனது. மேலே பறக்கும் சண்டை விமானங்களோடு பேசி வழிகாட்டும் வசதி இருந்ததே அந்த இரண்டு குரூசரில்தான். அன்று இரவும் மறுநாளும் கான்வாய் வாங்கிய அடிக்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆகஸ்ட் 12, இரவு 8.30

சரி, பம்ப் ரூம்.

கப்பல் பார்க்காதவர்களுக்காக: எண்ணெய்க் கப்பல் ஒரு பெரிய அண்டா இல்லை. அஞ்சறைப் பெட்டி மாதிரி குறுக்கும் நெடுக்கும் தடுத்த தொட்டிகள். அந்தத் தொட்டிகளில் இருந்து எண்ணெயை இழுத்து வெளியே தள்ளும் பம்புகள் இருக்கும் அறைதான் பம்ப் ரூம். மேல்தளத்தில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் செங்குத்தாக இரும்பு ஏணி, அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போனால் கப்பலின் அடிவயிறு. கைப்பிடி எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், எத்தனை முறை துடைத்தாலும் சரி. அடியில் தேங்கும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் புளோயர் கால் மணி நேரமாவது ஓடாமல் நான் உள்ளே காலை வைக்கமாட்டேன். ஒருதரம், எந்தக் கப்பல் என்று சொல்லமாட்டேன், கையில் கொடுத்த கேஸ் மீட்டர் பழுது என்று தெரியாமல் இரண்டாவது தட்டு வரை இறங்கிவிட்டேன். முழங்கால் தானாக மடிந்தது. பயம்கூட வரவில்லை, ஒரு மாதிரி சுகமாகத் தூக்கம் வந்தது. மேலே நின்ற போசன் (மேல்தள ஆட்களின் தலைவர்) சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் இந்த இழையை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருக்கும்.

அந்த அறையில்தான் டார்பிடோ பாய்ந்தது. ஓட்டை எவ்வளவு தெரியுமா? 24 அடிக்கு 27 அடி. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முகப்பே அந்த அளவுதான் இருக்கும். பக்கத்துத் தொட்டிகளின் சுவர் கிழிந்து சீமெண்ணெய் பீறிட்டுப் பற்றிக்கொண்டது, தீ கொடிமரம் உயரத்துக்குப் போயிருக்கிறது. மேல்தளத் தகடு கிழிந்து விரிந்துவிட்டது. ஸ்டியரிங் போச்சு, கைரோ காம்பஸ் நொறுங்கியது, காந்தக் காம்பஸ் இருப்பிடத்தை விட்டே நகர்ந்துவிட்டது.

ஆட்கள் தீயணைப்புக் கருவியோடு ஓடியிருக்கிறார்கள். கூடவே கடலும் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து பாதி வேலையைச் செய்திருக்கிறது. தீ அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சீஃப் இன்ஜினியர் ஜேம்ஸ் வைல்டு இன்ஜினைத் திரும்ப ஓட்டிக் காட்டினார்.

ஆகஸ்ட் 12, இரவு 11.10

படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. ஸ்டியரிங் போனது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

மேலே இருந்து சுக்கான் திருப்ப முடியாவிட்டால் பின்பக்கம் சுக்கானுக்கு நேர் மேலே உள்ள அறைக்குப் போய் அங்கிருந்து திருப்ப வேண்டும். நான் செய்திருக்கிறேன், பயிற்சியாகப் பல தடவை, நிஜமாக ஒரு தடவை, சுமார் 40 நிமிடம். அங்கே ஜன்னல் கிடையாது. இரைச்சலில் காதில் போனை அழுத்திக்கொண்டு ‘ஐந்து வலது’ என்றால் ஐந்து வலது, ‘நேர்’ என்றால் நேர், முள் நகர்வது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு மாட்டு வண்டி ஓட்டச் சொன்ன மாதிரி. நமக்கு அது நல்ல வெளிச்சத்தில், காலியான கடலில், சமாதான காலத்தில்.

இவர்கள் அதே வேலையை இருட்டில், கண்ணிவெடிக் கடலில், காம்பஸே இல்லாமல் செய்தார்கள். லெட்பரி என்ற டெஸ்ட்ராயர் (வேகமான சின்னப் போர்க்கப்பல்) முன்னால் போய்த் தன் பின்பக்கம் ஒரு நீல விளக்கைத் தொங்கவிட்டது. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இரவு முழுக்க ஓட்டி விடியலில் கான்வாயை எட்டிப் பிடித்தார்கள்.

ஆகஸ்ட் 13, மதியம் 2.20

விமானம் எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், விழுந்தது. ஒன்று இல்லை, இரண்டு. யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்று கடலில் மோதி, தவளைக்கல் மாதிரி எம்பி வந்து முன்தளத்தில் விழுந்தது. அப்புறம் ஒரு ஸ்டூக்கா, அதுவும் குண்டு வீசும் விமானம்தான். ஸ்டூக்கா விழுந்திருக்கிறது என்று பின்பக்கத்தில் இருந்து கேப்டனுக்குப் போனில் சொன்னபோது, இங்கே முன்பக்கத்தில் அரை மணி நேரமாக ஒரு யுங்கர்ஸ் கிடக்கிறது, அதற்கென்ன என்கிற தோரணையில் மேசன் பதில் சொன்னாராம். களைப்பின் உச்சத்தில் வரும் பேச்சு அது. இரண்டு நாள் தூங்காத சீஃப் ஆபீசர்களிடம் நானும் அந்த மாதிரிப் பதில் வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, இரவு 9.50

ஆனால் கப்பலை நிறுத்தியது விமானம் இல்லை. பக்கத்தில் தண்ணீரில் விழுந்து வெடித்த குண்டுகள். நேராகப் படாத குண்டுதான் இன்ஜின் ரூமுக்கு எமன், அதிர்ச்சியில் குழாய் மூட்டெல்லாம் விட்டுப்போகும். அதற்கு முன்னால் ஜூன் மாதம் மால்டாவுக்குப் போன கென்டக்கி என்ற டேங்கர் அப்படி ஒரு நீராவிக் குழாய் உடைந்து நின்றுதான் தொலைந்தது. அதைப் பார்த்துத்தான் ஓஹியோவில் முன்கூட்டியே இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்து, நீராவிக் குழாய்களுக்கு ஸ்பிரிங்கும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரோ ஒருவர் முந்தின தோல்வியை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எனக்குப் பிடித்தது விமானம் விழுந்த கதையை விட அந்த மரக்கட்டைதான்.

அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்கியது. 13ம் தேதி காலையில் குண்டு விழ விழ பாய்லர் அடுப்பு அணைந்தது, திரும்பப் பற்ற வைத்தார்கள், திரும்ப அணைந்தது. பதினொரு மணிக்குள் இன்ஜின் மொத்தமாக நின்றுவிட்டது.

பென் என்ற டெஸ்ட்ராயர் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தது. கிழிந்த தகடு வெளியே நீட்டிக்கொண்டு இன்னொரு சுக்கான் மாதிரி வேலை செய்ததால் கப்பல் நேராக வராமல் ஒரு பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது, கயிறு அறுந்தது. இரண்டு முறை கப்பலைக் கைவிட்டு இறங்கினார்கள், இரண்டு முறையும் திரும்ப ஏறினார்கள். ஏறியவர்கள் எல்லாரும் ஓஹியோ ஆட்கள்கூட இல்லை. மூழ்கிப்போன சான்டா எலிசா கப்பலில் இருந்து தப்பிய லார்சன், டேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஓஹியோவில் ஏறி ஒரு பீரங்கியைச் சரிசெய்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 14, காலை 10.00

இப்போது தம்பியின் அசல் கேள்வி: ஏன் வெடிக்கவில்லை, ஏன் மூழ்கவில்லை?

வெடிப்பது எண்ணெய் இல்லை, எண்ணெய் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தால் அந்தக் கலவைக்கு உள்ளே இடமே இல்லை. தவிர இது சீமெண்ணெயும் டீசலும்தான், பெட்ரோல் இல்லை. அதே கான்வாயில் வைமராமா என்ற சாதாரண சரக்குக் கப்பல் மேல்தளத்தில் விமான பெட்ரோலை டின் டின்னாக அடுக்கிக்கொண்டு போனது. குண்டு பட்டதும் அது வெடித்துச் சிதறி, சுற்றிக் கடலே எரிந்தது. அந்த எரியும் தண்ணீருக்குள்ளே லெட்பரி புகுந்து ஆட்களைத் தூக்கியது.

மூழ்காததற்குக் காரணம் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பதுதான். ஆயிரம் கன மீட்டர் காலி அறையில் கடல் புகுந்தால் 1,025 டன் எடை ஏறும். அதே அறையில் சீமெண்ணெய் இருந்தால் ஏற்கெனவே 800 டன் உள்ளே இருக்கிறது, எண்ணெய் முழுக்க வெளியே போய்த் தண்ணீர் நிரம்பினாலும் கூடுவது 225 டன்தான். எந்த எண்ணெயால் எரிந்துபோவார்கள் என்று பயந்தார்களோ அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தார்கள். காலிக் கப்பலாக இருந்திருந்தால் அன்றே மூழ்கியிருக்கும்.

ஆகஸ்ட் 14, இரவு 10.25

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கப்பல் கட்டும் படிப்பு படிக்கும் ஒரு பையன் நன்றாகவே பிடித்துக்கொண்டான். காலி டேங்கர் தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும், மற்ற தொட்டிகளில் எல்லாம் காற்றுதான் என்பதால் ஒன்றிரண்டு அறை நிரம்பினாலும் தாங்கிக்கொள்ளும். அதனால் ‘காலியாக இருந்தால் அன்றே மூழ்கியிருக்கும்’ என்று சொல்ல முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுவாத காலித் தொட்டியில் ஆவி நிற்கும், அதில் டார்பிடோ பட்டால் மூழ்குகிற பேச்சுக்கே இடம் வந்திருக்காது தம்பி, அதையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

ஆகஸ்ட் 15, மதியம் 12.15

கொடியேற்றிவிட்டு வந்தேன், மிட்டாய் வாயில் இருக்கிறது.

14ம் தேதியில் இருந்து வேறு வழி செய்தார்கள். இழுத்தால் திரும்புகிறது, அதனால் இரண்டு பக்கமும் டெஸ்ட்ராயரைக் கட்டு. பென் ஒரு பக்கம், பிராம்ஹாம் மறு பக்கம். குடித்துவிட்டு விழுந்தவனை இரண்டு பேர் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவோமே, அப்படி. மேல்தளம் ஏறக்குறைய கடல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் 15 காலை ஒன்பதரைக்கு மேல் கிராண்ட் ஹார்பருக்குள் நுழைந்தது, கோட்டைச் சுவர் முழுக்க ஜனம், பேண்டு வாத்தியம்.

அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். மால்டாக்காரர்கள் அந்தக் கான்வாயை இன்றைக்கும் சாந்தா மரியா கான்வாய் என்றுதான் சொல்கிறார்கள். பனிமய மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த தூத்துக்குடிக்காரன் நான், மாதா காப்பாற்றினாள் என்று அங்கே ஒரு கிழவி சொன்னால் நின்று கேட்டுக்கொள்வேன், பம்ப் ரூம் கணக்கை எடுத்து நீட்டமாட்டேன்.

14ல் வந்து சேர்ந்தது 5. மற்ற 9 கடலுக்கடியில்.

‘நமக்கென்ன அண்ணாச்சி, வெள்ளைக்காரன் கப்பல்தானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். இந்தக் கான்வாய் ஜிப்ரால்டரைத் தாண்டியது 1942 ஆகஸ்ட் 10 அதிகாலை, அதற்கு முந்தின நாள்தான் பம்பாயில் காந்தியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இங்கே தந்திக் கம்பி அறுத்துக்கொண்டிருந்த வாரம் அது. என் அக்கறை கொடியில் இல்லை, இறங்கிப்போய் மறுபடி ஏறிய ஆளில்.

ஆகஸ்ட் 16, மாலை 5.40

ஓட்டை விழுந்த எண்ணெய்த் தொட்டி மிதக்குமா என்று சோதனை செய்து பார்த்தேன். பஜ்ஜி சுட்ட பழைய எண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் நிறைத்து மூடியை இறுக்கி, பக்கவாட்டில் அடிப்பக்கமாக விரல் நுழையும் அளவு ஓட்டை போட்டு பக்கெட் தண்ணீருக்குள் விட்டேன். ஓட்டையின் மேல்விளிம்பு வரைக்கும்தான் எண்ணெய் வெளியேறியது, அதற்கு மேலே இருந்தது அப்படியே நின்றுவிட்டது, பாட்டிலும் மிதந்தது. பிறகு பாட்டிலை ஓட்டை மேலே வருகிற மாதிரி திருப்பினேன். எண்ணெய் குபுகுபு என்று வெளியேறித் தண்ணீர் நிரம்பி, பாட்டில் பேசாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

ஓஹியோவும் கரையில் இதைத்தான் செய்தது. எண்ணெயை இறக்க இறக்கக் கப்பல் லேசாகி உயர வேண்டும் இல்லையா? கிழிந்த தொட்டிகளில் எண்ணெய் போன இடத்தில் கடல் ஏறியது. கடைசி எண்ணெயும் இறங்கியபோது அடித்தகடு துறைமுகத் தரையைத் தொட்டுவிட்டது.

வீட்டில் நிலவரம் சரியில்லை. “ஏங்க, தண்ணி பிடிக்கிற பக்கெட்டு, அதுல எண்ணெயை ஊத்தி வச்சிருக்கீங்களே, யாரு விளக்குவா?” நான்தான் விளக்கினேன். சாம்பல் போட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 18, காலை 8.45

சம்பளம் பற்றிக் கேட்டவருக்கு: போர் தொடங்கியதில் இருந்து 1941 மே வரை, பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் மூழ்கினால் அன்றோடு மாலுமிக்குச் சம்பளம் நின்றுவிடும். படகில் தத்தளிக்கும் நாளுக்குக் காசு கிடையாது. அந்தக் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் இருந்த நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரன் வாங்கியதில் ஒரு சின்னப் பங்குதான். 1939லேயே அதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், தகும். ஆனால் பதக்கத்தைப் படிக்கும்போது சம்பளச் சீட்டையும் படிக்கணும் என்பது என் கட்சி.

கூடவே ஒரு சிரிப்பு. அதே கான்வாயில் வந்த பிரிஸ்பேன் ஸ்டார் என்ற கப்பல் மூக்கில் டார்பிடோ வாங்கிக்கொண்டு தனியாக துனிசியா கரையோரமாக ஊர்ந்து போனது. அங்கே இருந்த, ஜெர்மனிக்கு அடங்கிய விஷி அரசின் பிரெஞ்சு அதிகாரிகள் ஏறிவந்து, கப்பலைப் பிடித்து வைக்கிறோம், எங்கள் பின்னால் வா என்றார்கள். கேப்டன் ரைலி அவர்களை அறைக்குள் அழைத்து விஸ்கி ஊற்றினார். இறங்கிப் போகும்போது நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போனார்களாம். 14ம் தேதி மால்டா சேர்ந்தது.

செப்டம்பர் 2, இரவு 9.15

கண் ஆபரேஷன், அதனால் இந்தப் பக்கம் வரவில்லை.

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, ‘அந்த எண்ணெயை வைத்து என்ன செய்தார்கள்’ என்று கேட்டிருக்கிறான். டீசல் அங்கே இருந்த நீர்மூழ்கிகளுக்கு. சீமெண்ணெய் அடுப்புக்கு. மால்டாவில் அப்போது வீட்டில் அடுப்பெரிக்க வழியில்லாமல் பொதுச் சமையல்கூடம் நடத்தினார்கள். ரேஷன் கடையில் சீமெண்ணெய்க்குக் கேனை வரிசையில் வைத்துவிட்டுக் கல்லைப் பொறுக்கி விளையாடின தலைமுறை நாங்கள், எங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கப்பல் அப்புறம் ஓடவில்லை. ரிப்பேர் செய்ய அங்கே வசதி இல்லை, டார்பிடோ பட்ட இடத்திலேயே இரண்டாக உடைந்தது, கொஞ்சகாலம் சாமான் வைக்கவும் யுகோஸ்லாவிய சிப்பாய்கள் தங்கவும் பயன்பட்டது. 1946 செப்டம்பர் 19ல் கரையில் இருந்து பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் விராகோ என்ற டெஸ்ட்ராயர் சுட்டு மூழ்கடித்தது.

செப்டம்பர் 3, காலை 6.50

திருத்தம். செப்டம்பர் 19 முன்பாதிக்கு மட்டும். பின்பாதியை அக்டோபர் 3ல் வெடி வைத்து இறக்கினார்கள். வைல்டின் இன்ஜின் ரூம் இருந்தது பின்பாதியில்தான்.